விழுப்புரத்துக்கு வருவதற்குள் எல்லாமே லிமிடெட் எடிஷன்!

2021 ஜனவரி 12, செவ்வாய்க்கிழமை. மறுநாள் போகி, விஜய்யின் ‘மாஸ்டர்’ ரிலீஸும் அன்றைக்குத்தான். தியேட்டர்களில் எல்லா இருக்கைகளையும் நிரப்பலாம் என்று அறிவித்த தமிழக அரசு, மத்திய அரசு ஆட்சேபித்ததால் சில நாள்களிலேயே பாதி இருக்கைக்கு இறங்கி வந்திருந்தது. டிக்கெட்டுக்கு அடிதடி. அந்தக் களேபரத்துக்கு நடுவே நண்பகல் 12 மணிக்கு இன்னொரு கூட்டம் போனை விட்டுக் கண் எடுக்காமல் உட்கார்ந்திருந்தது. சோனியின் கேம் பெட்டியான பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் முன்பதிவுக்குத் திறந்த நேரம் அது. விலை 49,990 ரூபாய். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் முந்தைய நவம்பரிலேயே விற்பனைக்கு வந்துவிட்ட சரக்கு, இந்தியர்கள் கைக்கு பிப்ரவரி 2-ல்தான் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

சில நிமிடங்கள்தான். எந்தத் தளத்தைத் தட்டினாலும் ‘அவுட் ஆஃப் ஸ்டாக்’.

‘மாஸ்டர்’ டிக்கெட் கிடைக்காதவர்களுக்கு அடுத்த வாரம் கிடைத்தது. அதுவும் முடியாதவர்கள் ஜனவரி 29-ம் தேதி அமேசான் பிரைமில் வீட்டிலேயே பார்த்துவிட்டார்கள். பிஎஸ்-5 கிடைக்காதவர்களில் பலர் அதற்குப் பிறகு ஒன்றரை, இரண்டு வருடம் காத்திருந்தார்கள்.

இத்தனைக்கும் அது லிமிடெட் எடிஷன் இல்லை. தங்க முலாம் இல்லை, எண் பொறித்த தகடு இல்லை. கோடிக்கணக்கில் தயாரித்து விற்க நினைத்த சாதாரண வெள்ளைப் பெட்டி.

பெட்டி எங்கே நின்றது?

முதல் தடை தைவானில். பிஎஸ்-5-ன் மூளையான சிப்பை வடிவமைத்தது ஏ.எம்.டி. நிறுவனம், தயாரித்தது தைவானின் டி.எஸ்.எம்.சி. கொரோனாவில் உலகமே வீட்டுக்குள் அடைந்து லேப்டாப்பும் போனும் வாங்கித் தள்ளியதில் சிப்புக்கு உலகம் தழுவிய தட்டுப்பாடு. கார் கம்பெனிகளே உற்பத்தியைக் குறைத்துக்கொண்ட காலம் அது. விளையாட்டுப் பெட்டிக்கு யார் முன்னுரிமை கொடுப்பார்கள்?

ஆனால் முழுப் பழியையும் சிப் தலையில் போட்டுவிட முடியாது. 2021 ஜூலைக்குள்ளாகவே உலகம் முழுக்க ஒரு கோடி பிஎஸ்-5 விற்றுவிட்டது. பெட்டி தயாராகிக்கொண்டுதான் இருந்தது. யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்பதுதான் விஷயம். சோனியின் கணக்கில் இந்தியா சின்ன சந்தை. வந்தது சின்ன சரக்கு. இந்தியாவுக்குள் மும்பை, டெல்லி, பெங்களூருக்குப் பிறகு சென்னை. சென்னைக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். முகவரிக் கட்டத்தில் 604001 என்று திண்டிவனத்தையோ, 605602 என்று விழுப்புரத்தையோ அடித்துப் பழகியவர்களுக்கு, அரிதான சரக்கு என்றதும் ‘இந்த பின்கோடுக்கு டெலிவரி இல்லை’ என்ற சிவப்பு வரி புதிதல்ல.

இதில் எரிச்சலூட்டும் வேடிக்கை ஒன்று உண்டு. சென்னைத் துறைமுகத்தில் இறங்கி திருச்சிக்கும் மதுரைக்கும் போகும் சரக்கு லாரி, திண்டிவனத்தைத் தொட்டு, விக்கிரவாண்டி டோல்கேட்டில் காசு கட்டி, விழுப்புரத்தை ஒட்டித்தான் போகிறது. விழுப்புரமோ சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து பக்கமும் ரயில் பிரியும் ஜங்ஷன். எல்லாமும் இந்த வழியாகப் போகின்றன, இறங்குவதுதான் குறைவு. பாகர்ஷா வீதியிலும் எம்.ஜி. ரோட்டிலும் மொபைல் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஐம்பதாயிரம் ரூபாய் கேம் பெட்டியை வாங்கி அடுக்கிவைத்து, விற்கும்வரை பணத்தை முடக்கிவைக்க எந்தக் கடைக்காரருக்கு மனசு வரும்? அதனால் சென்னையில் தெரிந்தவரைப் பிடித்து, பணத்தை ஜிபே பண்ணி, ஆம்னி பஸ்ஸில் பார்சல் போடச் சொல்லி, நடுராத்திரியில் பைபாஸில் போய் நின்று வாங்கிக்கொள்வதுதான் இந்தப் பக்கத்துப் பையன்களுக்குத் தெரிந்த வழி.

கிடைத்த இடத்திலும் பெட்டியைத் தனியாகக் கொடுக்கவில்லை. இரண்டு கேம், கூடுதல் கன்ட்ரோலர் என்று சேர்த்துக் கட்டிய ‘பண்டில்’ மட்டும்தான் இருக்கிறது என்றார்கள் சில விற்பனையாளர்கள். யூரியா மூட்டை கேட்டால் கூடவே வேண்டாத இடுபொருளையும் தலையில் கட்டுகிற உரக்கடையில் நின்று பழகிய விழுப்புரம் விவசாயியின் மகனுக்கு இது ஒன்றும் புரியாத வித்தை இல்லை.

அடுத்து வந்தவர்கள் மறுவிற்பனையாளர்கள். கேம் வட்டாரத்தில் இவர்களுக்கு ‘ஸ்கால்ப்பர்’ என்று பெயர். நமக்குப் புரியும்படி சொன்னால் பிளாக்கில் விற்கிறவர்கள். 49,990 ரூபாய்ப் பெட்டியை 70,000-க்கும் அதற்கு மேலும் விற்றார்கள். சட்டம் இங்கே விநோதமான இடத்தில் நிற்கிறது. கடைக்காரர் எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் எடையளவுச் சட்டப்படி குற்றம். ஆனால் ஒரு தனிமனிதர் வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே ‘செகண்ட் ஹேண்ட்’ என்று விளம்பரம் போட்டு விற்றால் அவர் கடைக்காரர் கணக்கிலேயே வருவதில்லை. ஜப்பானில் சில கடைகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தன: வாங்குகிறவரின் பெயரைப் பெட்டியின் மேலேயே மார்க்கரால் எழுதச் செய்தன; உள்ளே கன்ட்ரோலர் உறையிலும் ஒரு பெருக்கல் குறி. புதுசு என்று சொல்லி யாரிடமும் விற்க முடியாது. நம் ஊர்க் கடைகள் ஏன் இதை முயலவில்லை என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான். யார் வாங்கினால் என்ன, கல்லாவில் விழுவது அதே காசு.

2022 நவம்பரில் சோனி இந்திய விலையை 54,990-ஆக ஏற்றியது. 2023 ஜனவரியில், இனித் தட்டுப்பாடு இல்லை என்று அறிவித்தது. அதே வருடம் ஜூலைக் கடைசியில் 7,500 ரூபாய் தள்ளுபடி. 47,490 ரூபாய்க்குப் பெட்டி தாராளமாகக் கிடைத்தது. எழுபதாயிரத்துக்கு வாங்கியவர்கள் அந்த வாரம் எந்த விளம்பரத்தையும் பார்க்காமல் இருந்திருந்தால் நல்லது.

12,300 என்ற எண்

இதுவரை சொன்னது தானாக வந்த தட்டுப்பாடு. வேண்டுமென்றே உண்டாக்குவது வேறு வகை.

முதல் பிளேஸ்டேஷன் ஜப்பானில் வெளியானது 1994 டிசம்பர் 3. அமெரிக்கப் பாணியில் மாதத்தை முன்னால் போட்டு எழுதினால் 12, 3. அந்த எண்ணை வைத்து 2014-ல், 20-வது ஆண்டு நிறைவுக்காகப் பழைய சாம்பல் நிறத்தில் 12,300 பிஎஸ்-4 மட்டும் தயாரித்தார்கள். பத்து வருடம் கழித்து, 30-வது ஆண்டுக்காக 2024 நவம்பர் 21-ல் இன்னொரு வெளியீடு. மீண்டும் அதே சாம்பல் நிறம், அதே 12,300 எண்ணிக்கை. இம்முறை பிஎஸ்-5 புரோ. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண். அமெரிக்காவில் விலை ஏறக்குறைய 1,000 டாலர். செப்டம்பர் 26-ல் முன்பதிவு தொடங்கிய வேகத்தில் தீர்ந்தது. ஏல இணையதளத்தில் அதைவிடப் பல மடங்கு விலை சொல்லி வரிசையாக விளம்பரம்.

அந்த 12,300-ல் இந்தியாவின் பங்கு என்ன? பூஜ்யம். பிஎஸ்-5 புரோவே அப்போது இந்தியாவுக்கு வரவில்லை. அதில் இருக்கும் வைஃபை 7 தொழில்நுட்பம் பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இந்தியாவில் அப்போது அனுமதிக்கப்பட்டிருக்கவில்லை என்று சோனி காரணம் சொன்னது. ஆக, லிமிடெட் எடிஷனுக்கான வரிசையில் நிற்கக்கூட நமக்கு இடமில்லை.

நிறம் மாற்றுவதில் செலவு அதிகமில்லை. உள்ளே இருக்கும் இயந்திரமும் அதேதான். கோடிக்கணக்கில் பெட்டி தயாரிக்கத் தெரிந்த கம்பெனிக்கு 12,301-வது பெட்டியைத் தயாரிக்கத் தெரியாதா? இதைத் தட்டுப்பாடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இது காசு செலவில்லாத விளம்பரம். வாங்க முடியாத லட்சக்கணக்கான பேர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் இங்கே எழுதிக்கொண்டிருப்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

நின்டெண்டோ இந்த வித்தையில் இன்னும் மூத்தது. 2016 நவம்பரில் தன் எண்பதுகளின் கேம் பெட்டியை உள்ளங்கை அளவில் சிறிதாக்கி, ‘என்.இ.எஸ். கிளாசிக்’ என்று 60 டாலருக்கு விட்டது. கடையில் வைத்தால் காணாமல் போனது. 23 லட்சம் விற்று, ஜனங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தபோதே, 2017 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. கூச்சல் பெரிதானதும் 2018 ஜூனில் மறுபடி கொண்டுவந்தது. 2014-ல் வந்த ‘அமீபோ’ என்ற கேம் பாத்திரக் குட்டி பொம்மைகளிலும் இதே கதை. மார்த், வில்லேஜர், வீ ஃபிட் டிரெய்னர் ஆகிய மூன்று பொம்மைகள் மட்டும் கிடைக்கவே இல்லை. அதைவிட வேடிக்கை, தொழிற்சாலையில் தவறிப்போய் இரண்டு கையிலும் பீரங்கியோடு வந்த ஒரு சேமஸ் பொம்மை ஏலத்தில் 2,500 டாலருக்குப் போனது. சரியாகச் செய்தது 13 டாலர்; தப்பாகச் செய்ததுக்கு அந்த விலை.

நின்டெண்டோ என்றாலே பார்சல்தான்

நின்டெண்டோ ஸ்விட்ச் 2 வெளியான 2025 ஜூன் 5-லிருந்து நான்கே நாளில் 35 லட்சம் விற்றது. உலகத்தில் தட்டுப்பாடு என்று சொல்ல முடியாத பொருள். ஆனால் இந்தியாவில் ஸ்விட்சும் அதிகாரபூர்வமாக வரவில்லை, ஸ்விட்ச் 2-ம் வரவில்லை. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் யாரோ கொண்டுவந்தால்தான் உண்டு. வாரன்டி கிடையாது, சர்வீஸ் சென்டர் கிடையாது. சாதாரண மாடலே திண்டிவனத்தில் அபூர்வப் பொருள் ஆகிவிடுகிறது.

வெளியிலிருந்து வரும் பொருளுக்காகக் காத்திருப்பது இந்த வட்டாரத்துக்குப் பழைய பழக்கம். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த கடைசி வருடங்களில், 1954 நவம்பர் 1-ல் அது இந்திய நிர்வாகத்துக்குள் வரும்வரை, விழுப்புரம் பக்கமிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில் சுங்கச் சோதனை இருந்தது. அந்தப் பக்கம் மலிவாக இறங்கிய கைக்கடிகாரம் முதலான வெளிநாட்டுச் சரக்கு இந்தப் பக்கம் கடத்தி வரப்பட்டது. பிற்பாடு, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-ல் சென்னை கடற்கரை ரயில் நிலையம் அருகே உருவான பர்மா பஜார் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. தொண்ணூறுகளில் விழுப்புரத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ‘டிவி கேம்’ பெரும்பாலும் அங்கேயிருந்தோ ரிச்சி தெருவிலிருந்தோ ரயிலேறி வந்ததுதான். நின்டெண்டோவின் அச்சு அசல் நகல். லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்று பெயர்கள். ‘9999 இன் 1’ என்று எழுதிய மஞ்சள் கேசட்டில் மரியோவும் கான்ட்ராவும் பத்துப் பதினைந்து தரம் திரும்பத் திரும்ப வரும். அது நகல் என்பது விளையாடியவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். அன்றைக்குத் தட்டுப்பாடு என்றால் கரன்ட்தான்.

நெருப்புச் சின்னம்

கன்சோல் எல்லோருக்குமானதல்ல. ஹாட் வீல்ஸ் அப்படியில்லை. இருநூறு ரூபாய்க்குள் ஒரு குட்டி உலோகக் கார். திண்டிவனம் நேரு வீதி ஃபேன்சி ஸ்டோரிலும் கேட்டுப் பார்க்கலாம். 1968-ல் 16 மாடலோடு அமெரிக்காவின் மேட்டல் கம்பெனி தொடங்கியது. 1995-ல் ‘ட்ரெஷர் ஹன்ட்’ என்று 12 கார்களை, மாடலுக்கு 10,000 வீதம் மட்டும் தயாரித்து, சாதாரணக் கார்களுக்கு நடுவே கலந்துவிட்டார்கள். அன்று தொடங்கிய வேட்டை இன்றும் ஓயவில்லை. 2007-லிருந்து ‘சூப்பர்’ வகை வேறு. பளபளக்கும் பெயின்ட், ரப்பர் டயர், காரில் எங்கோ ஒளிந்திருக்கும் ‘டி.எச்.’ எழுத்து, காருக்குப் பின்னால் அட்டையில் தங்கநிற நெருப்புச் சின்னம். சேகரிப்பவர்கள் இவற்றை ‘டி.எச்.’, ‘எஸ்.டி.எச்.’ என்றே பேசிக்கொள்கிறார்கள்.

பிரச்னை என்னவென்றால், கடைக்கு வரும் அட்டைப்பெட்டியைப் பிள்ளைகளுக்கு முன்னால் பெரியவர்கள் பிரித்துவிடுகிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கிடங்கிலேயே நல்லதைப் பொறுக்கி எடுத்த பிறகு மிச்சம்தான் சின்ன ஊருக்கு வரும் என்பது சேகரிப்பவர்கள் எல்லோரும் பாடும் பாட்டு. கொக்கியில் தொங்குவது யாரும் வேண்டாம் என்று விட்ட டைனோசர் காரும் பல்லி காரும். ஏழு வயதுப் பையனுக்கு அது போதும் என்பது வேறு விஷயம். அவன்தான் இந்த ஆட்டத்தில் உண்மையிலேயே விளையாடுகிறவன்.

விலைக்கும் வரத்துக்கும் அரசின் கையும் உண்டு. பொம்மை இறக்குமதி வரி 2020 பிப்ரவரியில் 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை விற்கக் கூடாது. மட்டமான சீனப் பொம்மையைத் தடுத்து உள்ளூர் உற்பத்தியை வளர்ப்பது நோக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒவ்வொன்றும் இந்தியத் தர நிறுவனத்திடம் உரிமம் வாங்க வேண்டும் என்றானதும், எண்ணிக்கை குறைந்த விசேஷ சரக்கை இந்தியாவுக்கு அனுப்பச் சிரமப்படுவானேன் என்று கம்பெனிகள் நினைப்பதிலும் ஆச்சரியமில்லை. இந்த விதி 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொருளுக்குத்தான். அதனால் ஜப்பானிய அனிமே உருவப் பொம்மைகளின் பெட்டியில் ‘15 வயதுக்கு மேல்’ என்று அச்சாகியிருப்பது இங்கே கைகொடுக்கிறது.

அந்த அனிமே பொம்மைகளுக்கு இப்போது தனி மவுசு. 2025 செப்டம்பர் 12-ல் ‘டீமன் ஸ்லேயர்’ படம் தமிழ் டப்பிங்கோடு இங்கே தியேட்டரில் ஓடியபோது கூட்டத்தைப் பார்த்த பெற்றோர் பலருக்கு, தங்கள் பிள்ளை எந்த உலகத்தில் வாழ்கிறது என்பதே அன்றுதான் தெரிந்திருக்கும். அந்தப் பாத்திரங்களின் உருவப் பொம்மைகளில் பல, ஜப்பானில் கிரேன் இயந்திரத்தில் சில்லறை போட்டு அள்ளும் பரிசுப் பொருள்தான். கடல் தாண்டி, வரி கட்டி, இரண்டு கை மாறி வருவதற்குள் ஆயிரங்களில் போய் நிற்கிறது. ஒரு முறை வார்த்து நிறுத்திவிட்டால் மறுபடி எப்போது வார்ப்பார்கள் என்பது கம்பெனியின் இஷ்டம்.

லபுபு கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஹாங்காங் ஓவியர் காசிங் லங் 2015-ல் வரைந்த பல்லிளிக்கும் குட்டிச்சாத்தான். அதன் பொம்மையை, மூடிய பெட்டியில் எது இருக்கும் என்று தெரியாமல்தான் வாங்க வேண்டும். ‘ரகசிய’ பொம்மை 72-ல் ஒன்று. 2025 ஜூனில் ஆள் உயர லபுபு ஒன்று பெய்ஜிங் ஏலத்தில் 10 லட்சம் யுவானைத் தாண்டியது. நம் பணத்தில் ஒரு கோடிக்கு மேல். அதன் போலிக்கு ‘லஃபூஃபு’ என்று தனிப் பெயரே வந்துவிட்டது. மேல்மலையனூர் அமாவாசைக்கும் மயிலம் பங்குனி உத்திரத்துக்கும் கடை போடுகிறவர்கள் வீட்டில் இந்த ஏலச் செய்தியை யாரும் படித்திருக்க வேண்டியதில்லை. எந்த பொம்மை எந்த வருடம் ஓடுகிறதோ அதன் நகல் சாவிக்கொத்தாகவாவது அவர்கள் விரிப்பில் வந்துவிடும். அரிய பொருளை எல்லோருக்கும் கிடைக்கச் செய்வது எப்போதும் இவர்கள்தான். அறிவுசார் சொத்துரிமைக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

அச்சு இருக்கிறது, ஆள் இல்லை

விழுப்புரத்துக்குச் சொந்தமாகவும் உருவப் பொம்மைத் தொழில் ஒன்று உண்டு. ஊரை ஒட்டிய அய்யங்கோவில்பட்டில் காகிதக் கூழும் கிழங்கு மாவும் சேர்த்து விநாயகர் சிலை செய்கிறார்கள். அச்சில் வார்த்து, வெயிலில் காயவைத்து, வண்ணம் அடித்து, சதுர்த்திக்கு மாதங்களுக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். மயில் மேல் விநாயகர், சிங்கத்தின் மேல் விநாயகர் என்று அந்தந்த வருட ஃபேஷனுக்குத் தக்கபடி உருவம் மாறும். யாரும் எண் போட்டு விற்பதில்லை. எத்தனை கேட்டாலும் செய்து தருவதுதான் தொழில் தர்மம்.

2020 ஆகஸ்டில், கொரோனா காரணமாகப் பொது இடத்தில் சிலை வைக்கவும் ஊர்வலம் போகவும் தமிழக அரசு தடை விதித்தது. மறு வருடமும் தடை. வார்த்து வைத்த பெரிய சிலைகளுக்கு வாங்க ஆளில்லை. கடன் வாங்கிப் போட்ட முதல் அப்படியே முடங்கியது. கவனியுங்கள், முதல் தடை வந்தது பிஎஸ்-5 உலகச் சந்தைக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்பு. ஒரே தொற்று, இரண்டு பொம்மைத் தொழில். ஒன்றில் கேட்பவர் கூடிப்போய்ச் சரக்கு இல்லை. இன்னொன்றில் சரக்கு இருந்தும் கேட்பவர் இல்லை. முன்னதைப் பற்றி உலகப் பத்திரிகைகள் எழுதிய அளவில் நூறில் ஒரு பங்குகூடப் பின்னதைப் பற்றி எழுதியிருக்காது. காகிதக் கூழ் விநாயகருக்கு மறுவிற்பனைச் சந்தை கிடையாது. கரைத்துவிட்டால் முடிந்தது.

பரணைப் பாருங்கள்

கடைசியாக, இந்த ஊர்க்காரர்களுக்கு உபயோகமான ஒரு தகவல். தட்டுப்பாட்டின் பாதை எப்போதும் வெளிநாட்டிலிருந்து இங்கே மட்டும் ஓடுவதில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் ‘லியோ’ என்ற பெயர் போட்டு, மேட்டல் உரிமத்தோடு இந்தியாவிலேயே ஹாட் வீல்ஸ் கார்கள் தயாராயின. வெளிநாடுகளில் வராத நிறக் கலவைகள், வேறு மாதிரி அட்டை. அன்று பிள்ளைகள் தரையில் உருட்டிச் சக்கரம் கழன்று போன அதே கார்களை, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இப்போது தேடித் தேடி வாங்குகிறார்கள். அட்டையிலிருந்து பிரிக்காதது என்றால் மதிப்பே வேறு. பிளேஸ்டேஷன் 2-க்கும் இதே கதைதான். ஹைதராபாதின் அரோனா டெக்னாலஜீஸ் செய்து 2009-ல் வந்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’, இந்தியாவிலேயே முழுவதுமாக உருவான முதல் கன்சோல் கேம். அதே காலத்தில் வந்த ‘தேசி அட்டா’, 2011-ல் ஷாருக் கான் படத்தை ஒட்டி வந்த ‘ரா ஒன்’ என்று இந்தியச் சந்தையை நினைத்தே போட்ட டிஸ்க்குகள் சில உண்டு. விமர்சகர்கள் அன்று இவற்றைக் கழுவி ஊற்றினார்கள். விளையாடிப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரி என்றுதான் தோன்றும். ஆனால் வெளியான எல்லா பிஎஸ்-2 கேமும் அலமாரியில் இருந்தாக வேண்டும் என்று அடம்பிடிக்கும் வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு இவை இல்லாமல் வரிசை நிறையாது.

அதனால் இந்த ஆயுத பூஜைக்கு வீடு கழுவும்போது, பரணில் இருக்கும் பழைய கேம் பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் எடை போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். டிஸ்க்கில் கீறல் இல்லையா, உள்ளே கையேடு இருக்கிறதா, பின் அட்டையில் இந்திய விலை அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். கார் என்றால் அடித்தட்டைத் திருப்பி ‘லியோ’, ‘இந்தியா’ என்ற எழுத்து இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் படியுங்கள். பெயின்ட் உதிர்ந்திருந்தால் உதிர்ந்ததாகவே இருக்கட்டும். வீட்டில் இருக்கும் நெயில் பாலிஷை எடுத்துப் பூசிவிடாதீர்கள். விற்கிற எண்ணம் இருந்தால் முதலில் கேட்பவரிடமே கொடுத்துவிடவும் வேண்டாம். புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் விரித்து விற்கிறவருக்கு இதன் மதிப்பு தெரியாமல் இருக்கலாம். அவரிடம் வாங்கிப் போக வருகிறவருக்கு நன்றாகவே தெரியும்.